பதவியேற்பு விழாவுக்கு யார் செலவு செய்கிறார்கள்?

என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். நான் நியூஜெர்சியில், பார்சிப்பனியில் இருந்தேன். அவள் தன் அம்மாவோடு டெக்சாஸில் இருந்தாள். போனை மேசையில் எதன் மேலோ சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவள் நெற்றியும், மேலே சுற்றும் மின்விசிறியும் தெரியும்.

"ஸ்கூல் எப்படிப் போகுது?"

"ஃபைன்."

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"பாஸ்தா."

"வேற என்ன விசேஷம்?"

"நத்திங், அத்தா."

அத்தா என்ற சொல் மட்டும் அவளிடம் தமிழில் மிஞ்சியிருந்தது. எங்கள் திண்டுக்கல் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் பேசுகிற தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும்; பதில் இங்கிலீஷில்தான் வரும். அவள் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவள் குரல் இதைவிட வேகமானது, இதைவிட அலட்சியமானது.

நானும் அவள் அம்மாவும் பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்தோம். பிறகு அதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அவளுக்கு டாலஸ் பக்கத்தில் நல்ல வேலை கிடைத்தது. அவளுடைய அண்ணன் வீடும் அங்கேதான். மகள் அம்மாவோடு போனாள். நானும் பின்னாலேயே போயிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் கிரீன் கார்டு விண்ணப்பம் பார்சிப்பனி கம்பெனியோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது. வேலையை மாற்றினால் ஏறி வந்த படிகளில் பாதியை மறுபடியும் ஏற வேண்டும். கிடைத்ததும் போகலாம், கிடைத்ததும் போகலாம் என்று இருந்தேன். கிடைக்கவில்லை.

அந்த ஞாயிறு அவள் போனைக் கையில் எடுத்து, முழு முகத்தையும் காட்டினாள்.

"அத்தா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பிரசிடென்ட் பதவி ஏத்துக்கிற விழாவுக்கு யாரு பணம் குடுக்குறாங்க?"

எட்டாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடத்துக்கு ஒரு ப்ராஜெக்ட். ஒரு கிண்ணத்தில் துண்டுச் சீட்டுகளைப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார்களாம். அவள் தோழிக்கு அதிபரின் மனைவி உடுத்தும் ஆடைகளைப் பற்றிய கேள்வி. இன்னொரு பெண்ணுக்கு அணிவகுப்பில் வரும் குதிரைகள். இவளுக்குச் செலவுக் கணக்கு. எரிச்சலில் இருந்தாள்.

"கவர்ன்மென்ட்தான் குடுக்கும். வேற யாரு?" என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மிஸ் அது பாதிதான் ரைட்டுங்கிறாங்க."

"நான் படிச்சுட்டுச் சொல்லட்டுமா?"

"நானே கூகிள் பண்ணிக்குவேன்."

"ரெண்டு பேரும் படிப்போம். அடுத்த வாரம் பேசுவோம்."

அவள் தோளைக் குலுக்கினாள். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் நான் படித்த மாதிரி காலேஜில்கூடப் படித்ததில்லை. எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குளம் உண்டு. குளிர்காலத்திலும் ஊரைவிட்டுப் போகாத வாத்துக் கூட்டம் ஒன்று அங்கே நடை பழகும். மதிய நேரம் காரை அந்தப் பக்கம் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்தபடி போனில் வாசிப்பேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாமல் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு நான் ஆரம்பித்தேன். "பதவிப் பிரமாணம் எடுக்குறாங்கல்ல, அந்த மேடை, நாற்காலி, மைக்கு எல்லாம் காங்கிரஸோட செலவு, நம்ம ஊரு பார்லிமென்ட் மாதிரி. அதாவது வரிப்பணம். போலீசு, ராணுவம், பாதுகாப்பு, அதுவும் வரிப்பணம். ஆனா ஊர்வலம், ராத்திரி விருந்து, டான்ஸ், இதுக்கெல்லாம் தனியா ஒரு கமிட்டி. அந்தக் கமிட்டி வெளியாளுங்ககிட்ட நன்கொடை வாங்கும். பெரிய கம்பெனிங்க, பணக்காரங்க, சாதாரண ஆளுங்க, யாரு வேணா குடுக்கலாம்."

"எவ்வளவு வேணாலுமா?"

"சட்டத்துல இவ்வளவுதான்னு இல்ல. ஓரளவுக்கு மேல குடுத்தா யாரு குடுத்தாங்கன்னு பின்னாடி வெளியில சொல்லணும், அவ்வளவுதான்."

"குடுத்தவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"டிக்கெட்டு. விருந்துல ஒரு மேசை."

"அவ்வளவுதானா?"

"நான் படிச்சதுல அவ்வளவுதான் இருந்துச்சு."

"அதுல போடாதது என்ன?"

"அதுல போடாதது எனக்கு எப்படிடா தெரியும்?"

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"நீங்க குடுக்கலாமா?"

நான் அதையும் படித்து வைத்திருந்தேன். "நான் குடுக்க முடியாது. நான் ஃபாரினர். கிரீன் கார்டு இருந்தா குடுக்கலாம். விசாவுல இருக்கிறவங்ககிட்ட அவங்க வாங்கக் கூடாது."

"டாக்ஸ் கட்டுறீங்கல்ல?"

"அதெல்லாம் ஒழுங்கா கட்டுறேன்."

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்போ பிரமாணம் எடுக்குறதுக்கு நீங்க பணம் குடுத்தே ஆகணும். டான்ஸுக்கு நீங்களே ஆசைப்பட்டாலும் குடுக்க முடியாது."

"ஆமா."

"வியர்ட்," என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டாள்.

அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். வைத்த பிறகும் கையில் போன் சூடாக இருந்தது. எழுந்து இரண்டு டீ போட்டுவிட்டேன். ஒன்றைக் குடித்துவிட்டு, மற்றதைக் குடிக்க ஆள் இல்லை என்பதால் அதையும் நானே குடித்தேன்.

டிசம்பர் முழுக்க அப்படிப் போயிற்று. விழாவில் மீதிப் பணம் என்ன ஆகும், வாஷிங்டன் நகரத்துப் போலீசுக்கான செலவை யார் திருப்பித் தருவார்கள், மழை பெய்தால் ஊர்வலத்துக்கு வாங்கிய பணம் என்ன ஆகும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். உண்மையைச் சொன்னால், சில பதில்கள் எனக்கு அப்போதே தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் அவள் கேட்டது அந்த விழாவைப் பற்றியது இல்லை.

"அத்தா, உங்களோட கல்யாணத்துக்கு யாரு பே பண்ணாங்க?"

பின்னால் அவள் அம்மா இருக்கிறாளா என்று தானாகவே என் கண் திரையைத் துழாவியது. அறையில் யாரும் இல்லை.

"ஏன் கேக்குற?"

"சும்மா. கம்பேர் பண்ணலாம்னு."

மறைக்க ஒன்றும் இல்லை. சொன்னேன். நிக்காஹ் என்பது சின்ன விஷயம். பள்ளிவாசல் ஹாலில் உட்கார்ந்து, ஹஜ்ரத் கேட்டதற்குச் சம்மதம் என்று சொல்லி, ஜமாஅத் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, துஆ ஓதி முடித்தால் ஆயிற்று. அதற்குச் செலவே கிடையாது. மணப்பெண்ணுக்குத் தர வேண்டிய மஹர் நான் கொடுத்தேன். மறுநாள் வலீமா விருந்து எங்கள் வீட்டுச் செலவு. ஆனால் நிக்காஹ் அன்று மண்டபம், பந்தல், ஊரையே கூப்பிட்டுப் போட்ட பிரியாணி எல்லாம் உன் நன்னா செய்தது என்றேன். நன்னா என்றால் அவள் அம்மாவுடைய அப்பா. திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்தவர். மகள் கல்யாணத்தில் யாரும் பாதி வயிறோடு போகக்கூடாது என்று பந்தியில் அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்.

"நன்னாதான் பெரிய டோனர்," என்றாள்.

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"அவருக்கு என்ன கிடைச்சுச்சு?"

"அவரு ஒண்ணும் எதிர்பார்த்துச் செய்யலடா. மக நல்லா இருக்கணும்னு செஞ்சாரு."

அவள் பென்சிலை மேசையில் உருட்டினாள். மின்விசிறி இல்லாத என் அறையில் ஹீட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அவள் கேட்டாள், மெதுவாக, என்னைப் பார்க்காமல்:

"இப்போ அவருக்கு அது வேஸ்ட்டா போச்சுன்னு தோணுமா?"

"தெரியல," என்றேன். "நான் கேட்டதில்ல."

"ஓகே," என்றாள். உடனே குதிரைகளைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தாள். எனக்கு அது காதில் விழவில்லை.

எங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் ஆபீஸில் விழாவுக்கு இலவச டிக்கெட் கொடுப்பார்கள் என்று படித்திருந்தேன். அதற்கும் எழுதிப் போட்டிருந்தேன். தாமதமாகிவிட்டது, காத்திருப்போர் வரிசையில் வைக்கிறோம் என்று பதில் வந்தது. ஜனவரி முதல் வாரத்தில், இரண்டு டிக்கெட் இருக்கிறது, விழாவுக்கு முந்தைய நாள் வாஷிங்டனில் நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும் என்று மின்னஞ்சல் வந்தது. யாரோ வேண்டாம் என்றிருப்பார்கள். புல்வெளியில் நிற்கிற இடம்தான். எனக்கு அது போதும்.

அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். நாங்கள் மரியாதையாகப் பேசிக்கொள்வோம். ஆபீஸில் பக்கத்து டிபார்ட்மென்ட் ஆட்கள் பேசிக்கொள்கிற மாதிரி.

"விழா அன்னிக்கு, திங்கக்கிழமை, லீவுதானே. சனிக்கிழமை நியூவர்க்குக்கு ஃப்ளைட் போட்டு அனுப்புங்க. நான் ஏர்போர்ட்ல பிக்கப் பண்ணிக்கிறேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ட்ரெய்ன்ல வாஷிங்டன் போயிடுவோம். செவ்வாய்க்கிழமை திரும்பி அனுப்பிடுறேன்."

"ஒரு நாள் ஸ்கூல் போயிடும்."

"அவ ப்ராஜெக்ட்டே அதுதான்."

கொஞ்சம் யோசித்தாள். "சரி. அவளுக்கு அங்க போட்டுக்கத் தடிமனா ஜாக்கெட் இல்ல."

"நான் வாங்கி வைக்கிறேன்."

அன்று சாயங்காலமே போய் வாங்கினேன். அளவு தெரியவில்லை. கடைக்காரப் பெண்ணிடம் என் தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். பிறகு சந்தேகம் வந்தது. நான் கடைசியாகப் பக்கத்தில் நின்று பார்த்தது போன கோடையில். அதற்குள் வளர்ந்திருப்பாள். கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். ஊதா நிறத்தில் ஒன்று எடுத்தேன். படுக்கையறையை அவளுக்காக ஒழித்துவிட்டு, ஹாலில் எனக்கு மெத்தை விரித்தேன். அவளுக்குப் பிடிக்குமென்று சேமியா பாயசத்துக்குப் பால் வாங்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் இருக்கும்போது செய்தி வந்தது. கடும் குளிர் வரப்போகிறது. பதவியேற்பைக் கட்டடத்துக்குள்ளேயே நடத்தப் போகிறார்கள். உள்ளே சில நூறு பேருக்குத்தான் இடம். வெளியே நிற்பதற்காகக் கொடுத்த டிக்கெட்டுகளை நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம்.

நான் அதை இரண்டாம் முறை வாசிப்பதற்குள் அவள் அம்மா கூப்பிட்டுவிட்டாள்.

"பார்த்தீங்களா?"

"இப்பதான் பார்த்தேன்."

"உள்ள விடவே மாட்டாங்கன்னா அவ்வளவு தூரம் எதுக்கு? அந்தக் குளிர்ல ரோட்டுல நிக்க வச்சு அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? செவ்வாய்க்கிழமை அவளுக்கு மேத்ஸ் டெஸ்ட் வேற இருக்காம், இப்பதான் சொல்றா."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். "வாஷிங்டன் போகாட்டி என்ன, இங்க வந்துட்டுப் போகட்டுமே," என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் மகளே பின்னால் இருந்து, "இட்ஸ் ஓகே அத்தா, நெக்ஸ்ட் டைம்," என்று சத்தம் போட்டாள். அந்தக் குரலில் ஏமாற்றம் இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இருந்ததாகத் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் சென்னைக்காரர் ஒருவர் அடுத்த சீட்டில் இருந்தார். இரண்டாவது டிக்கெட் இருக்கிறது, வருகிறீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

"பாஸ், உள்ளேயே விட மாட்டேன்றானுங்க. அந்தக் குளிர்ல போய் வேலிய பார்த்துட்டு வரணுமா? லாங் வீக்கெண்ட், நிம்மதியா தூங்குங்க பாஸ்," என்றார்.

எனக்கு லாங் வீக்கெண்டில் தூங்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை நியூவர்க்கில் ரயில் ஏறினேன். டிக்கெட்டையாவது வாங்கித் தபாலில் அனுப்பலாம், வகுப்பில் காட்டுவாள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஜன்னலோர சீட் அவளுக்கு என்று எடுத்திருந்தது. அதில் உட்காராமல் பிலடெல்ஃபியா வரை நடைபாதை ஓரமாகவே உட்கார்ந்திருந்தேன். அங்கே ஏறிய ஒருவர் இடம் காலியா என்று கேட்டபோது நகர்ந்துகொண்டேன்.

வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினரின் ஆபீஸில் ஒரு இளம்பெண் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உறையைக் கொடுத்தாள். அன்று எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாளோ, குரல் கட்டிப்போயிருந்தது. "உங்களோடு வருபவர்?" என்றாள். "வரவில்லை," என்றேன். அழகான கெட்டி அட்டைகள், பொன் எழுத்துகள். வெளியே வந்து வேலி ஓரமாக நடந்தபோது புல்வெளி தெரிந்தது. வரிசை வரிசையாக நாற்காலிகள் போட்டது போட்டபடி இருந்தன. மேடை தயாராக இருந்தது. பனிக்காற்றில் ஒரு ஆளும் இல்லை. யார் யாரோ கட்டிய வரியில் போட்ட நாற்காலிகள். அதில் நானும் கொஞ்சம் போட்டிருப்பேன் என்ற நினைப்பு வந்தது. அதை மகளிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துப் படம் பிடித்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு விளையாட்டு அரங்கத்தில் பெரிய திரையில் காட்டப் போகிறார்கள், முதலில் வருபவர்களுக்கு இடம் என்றார்கள். இருட்டிலேயே போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரிலிருந்து எட்டு ஒன்பது மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார்கள். அந்த அம்மாள் கைகளைச் சூடாக்கும் சின்னப் பொட்டலங்களில் ஒன்றை என்னிடம் நீட்டினார். அந்த நன்றியில் பேச்சுத் தொடங்கியது. மகளின் ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அப்படியானால் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், நாங்கள்தான் பணம் கொடுத்தோம்," என்றார் அவர் கணவர். அந்தக் கமிட்டிக்கு ஒரு சிறு தொகை அனுப்பினார்களாம்.

"பதிலுக்கு என்ன கிடைத்தது?"

"நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல்," என்றார் அந்த அம்மாள். "அதுவும் இன்னொரு முறை பணம் கேட்டு." இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"வருத்தமா?"

அவர் நான் என்ன கேட்கிறேன் என்று புரியாதவர் போலப் பார்த்தார். "கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கொடுத்தோம். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?"

வரிசை நகரவே இல்லை. திண்டுக்கல்லில் அப்போது அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்திருக்கும். எதற்காக என்று யோசித்தால் செய்திருக்க மாட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டு என் பழைய மாமனாருக்கு போன் போட்டேன். பிரிந்த பிறகு பெருநாளைக்கு ஒரு வாழ்த்துச் செய்தி அவரிடமிருந்து வரும். நானும் ஒன்று அனுப்புவேன். குரல் கேட்டு இரண்டு வருடம்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா."

"வஅலைக்கும் ஸலாம். யாரு, மாப்ளையா? என்ன மாப்ள, இந்நேரத்துல? புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல மாமா. சும்மாதான் பேசலாம்னு."

"எங்கிட்டு இருக்கீங்க, ஒரே எரைச்சலாக் கிடக்கு?"

எங்கே நிற்கிறேன், எதற்கு நிற்கிறேன் என்று சொன்னேன். பேத்தி கேட்ட கேள்விகளைச் சொன்னேன். கடைசிக் கேள்வியையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. குளிரில் காது மரத்துப்போயிருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பிரியாணிய அன்னிக்கே ஊரு தின்னுருச்சுல்ல மாப்ள. நல்லாத்தானே இருந்துச்சு? இன்னமும் சந்தையில பாக்குறவன் சொல்றான். அதுல வேஸ்டு எங்கிட்டு வந்துச்சு?" பிறகு, "அந்தப் புள்ளை என்னாத்துக்கு இதெல்லாம் ரோசிக்குது?" என்றார்.

"தெரியல மாமா."

"நீங்க சாப்டீங்களா?"

"இனிமேத்தான்."

"மொதல்ல போயி சூடா எதையாச்சும் சாப்டுங்க. அவங்க பதவி ஏத்துக்குவாங்க. நீங்க நின்னாலும் ஏத்துக்குவாங்க, நிக்காட்டியும் ஏத்துக்குவாங்க."

குளிரில் போனே அணைந்துவிட்டதால் நான் ஸலாம் சொன்னது அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அரங்கம் நிறைந்துவிட்டது, இனி யாரும் உள்ளே போக முடியாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒஹாயோ அம்மாள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தில் கலந்துபோனார்.

பக்கத்துத் தெருவில் ஒரு சாண்ட்விச் கடை திறந்திருந்தது. முட்டை வைத்த ரொட்டியும் காபியும் வாங்கிக்கொண்டு, சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த டிவிக்குக் கீழே உட்கார்ந்தேன். கடையில் சிலர் கைதட்டினார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். பிரமாணம் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சில வரிகளுக்கா இவ்வளவும் என்று நினைத்தேன். இதை யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினேன். பக்கத்து மேசையில் இருந்தவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

போனைக் கடையிலேயே சார்ஜ் போட்டு, ஊருக்குத் திரும்பும் முன் வேலி முன்னால் நின்று என்னையே ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். மூக்கு சிவந்து, கையில் இரண்டு டிக்கெட்டும். "நைஸ்," என்று பதில் வந்தது.

பிப்ரவரியில் அவள் ப்ராஜெக்ட்டை வகுப்பில் காட்டி முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எனக்கும் திரையில் ஓட்டிக் காட்டினாள். நன்றாகச் செய்திருந்தாள். வரிப்பணம் ஒரு நிறம், நன்கொடை ஒரு நிறம். நான் சொன்ன மீதிப் பண விஷயமும் இருந்தது. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் என் படம், சிவந்த மூக்கோடு. கீழே எழுதியிருந்தாள்: "நியூஜெர்சியில் வரி செலுத்தும் ஒருவர். விழாவின் ஒரு பகுதிக்கு இவர் பணம் கொடுக்கிறார். இவரால் ஓட்டுப் போட முடியாது. நன்கொடை கொடுக்க முடியாது. டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியவில்லை."

நான் சிரித்தேன். உண்மையாகவே நன்றாக இருந்தது. பிறகு கேட்டேன். "என் அத்தான்னு போடலியா?"

"மிஸ் சொன்னாங்க, ஃபேமிலியா இருந்தா அது நல்ல சோர்ஸ் இல்லையாம். பயாஸ் இருக்கும்னாங்க. அதனால எடுத்துட்டேன்."

"முதல்ல போட்டிருந்தியா?"

"ஆமா, ஃபர்ஸ்ட் டிராஃப்ட்ல." வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஏ கிடைச்சுது."

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கடா."

"தேங்க்ஸ்."

அடுத்த ப்ராஜெக்ட் என்னவென்று கேட்டேன். தவளைகள், அதுவும் குழுவாகச் செய்வதாம். அவள் பங்குக்குப் படம் வரைவது மட்டும்தான், உதவி ஒன்றும் தேவையில்லை என்றாள். போன் பழையபடி மேசைக்குப் போனது. ஞாயிறுகளில் மறுபடி பாஸ்தாவும் ஃபைனும் நத்திங்கும் வந்தன. தவளைகளைப் பற்றிக் கொஞ்சம் படித்து வைத்தேன். அவள் கேட்கவில்லை. ஊதா ஜாக்கெட்டைத் தபாலில் அனுப்பினேன். சின்னதாகப் போய்விட்டது என்று அவள் அம்மா வருத்தத்தோடு செய்தி அனுப்பினாள்.

ஒன்று மட்டும் மாறியது. வெள்ளிக்கிழமைகளில் திண்டுக்கல்லில் இரவுத் தொழுகை முடிந்ததும் மாமா கூப்பிட ஆரம்பித்தார். இங்கே அது ஆபீஸில் காபி நேரம். போனை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போவேன். மண்டியை விற்றுவிடலாமா என்று யோசிப்பதைச் சொல்வார். முழங்கால் வலியைச் சொல்வார். என் கிரீன் கார்டு எங்கே நிற்கிறது என்று கேட்பார். தன் மகளைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. பேத்தியின் மார்க்கைச் சொன்னபோது, "நம்மளப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கா?" என்றார்.

"என்னைப் பத்தி எழுதியிருக்கா மாமா."

"என்னன்னு?"

"நியூஜெர்சியில வரி கட்டுற ஒருத்தர்னு."

அவர் இருமல் வருமளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பக்கம் யாரோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "வர்றேன், வர்றேன்," என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, "சரி மாப்ள, வச்சிரட்டா?" என்று என்னிடம் கேட்டார்.

"சரி மாமா," என்றேன். அவர் வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி நடந்தேன். பிறகு அடையாள அட்டையைக் கதவில் தேய்த்துவிட்டு உள்ளே போனேன்.